பொறுப்பானவரின் பெயரும் முகவரியும்

1

இன்றோடு இருபத்து மூன்று நாள். இன்னும் மூன்று வாரத்துக்குக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. தோசைக்கல்லைத் தூக்கக் கூடாது, ஈரத்துணியைப் பிழியக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. முதுகுக்கு மூன்று தலையணை வைத்துப் பாதி உட்கார்ந்த வாக்கில்தான் தூக்கம். தூக்கமாவது ஒன்றாவது! மார்பைச் சுற்றி இறுக்கமாக ஓர் உள்ளாடை வேறு. குளிக்கும்போது மட்டும் அதற்குப் பத்து நிமிஷம் விடுதலை.

மேலுக்கு, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் போட முடியும். என் வீட்டுக்காரரின் பழைய சட்டைகளை எடுத்து மாட்டிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். சேலையில் மருந்து படக் கூடாது பாருங்கள். கண்ணாடியில் பார்த்தால் நானும் காலை வேன் பிடித்து ஷெட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரிதான் இருக்கிறேன். வெளியே ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

என்ன ஆபரேஷன் என்று கேட்பீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு மார்பு வைத்திருக்கிறார்கள். நாற்பத்து மூன்று வயதில், இடது பக்கத்துக்கு மட்டும். வலது பக்கம் கடவுள் கொடுத்தது, இடது பக்கம் ஜெர்மனி கொடுத்தது. இதையெல்லாமா எழுதுவார்கள் என்று முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கிறவள் பனியைப் பற்றி எழுதினால் மட்டும் ரசித்துப் படிக்கிறீர்கள். இந்தத் தடவை பனியைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

போன வாரம் ஊரில் என் அம்மா இரண்டு சேலையை மஞ்சள் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். தன்னைப் பிடித்து உள்ளே போடச் சொல்லியிருக்கிறாள். அதற்குக் காரணம் இந்த இடது மார்பு. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

என் ஊர் சிவகாசிப் பக்கம், எம். புதுப்பட்டியைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊர். அப்பா ஆலங்குளம் சிமெண்ட் ஆலைப் பக்கம் கல் லோடு ஏற்றுகிற கூலி. அம்மா குருவம்மாள் சீசனில் பட்டாசுக் கம்பெனி, மற்ற நாளில் வீட்டு வேலை. வீட்டு வேலை என்றால் பாத்திரம் தேய்ப்பது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எட்டு வயதில் எனக்கு நெஞ்சில் தீக்காயம். கழுத்துக்குக் கீழே தொடங்கி இடது விலா வரைக்கும். காயம் ஆறிவிட்டது. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு வளர வேண்டிய வயதில் வளர்வது எனக்கு ஒரு பக்கம்தான் வளர்ந்தது. மறுபக்கம் தழும்பு இறுகிப்போய்ப் பலகை மாதிரி அப்படியே கிடந்தது. சின்ன வயதிலேயே அங்கே வெந்துபோனால் பிறகு வளராது என்று இங்கே டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஊரில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது, என்ன சொல்லிக் கேட்பது?

பஞ்சு, கைக்குட்டை, பழைய வேட்டித் துண்டு என்று எதையாவது மடித்து வைத்துத்தான் பள்ளிக்கூடம் போனேன், கல்லூரி போனேன், கல்யாண மேடையிலும் உட்கார்ந்தேன். ஓடக் கூடாது, குனியக் கூடாது, யாராவது கட்டிப்பிடித்தால் வலது பக்கமாகத் திரும்பிக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. பழகிவிட்டால் உடம்பு தானாகவே பொய் சொல்லும்.

என் வீட்டுக்காரருக்குக் காரியாபட்டிப் பக்கம். அப்போது சிவகாசியில் அச்சு மெஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தபோது அவர் அம்மாவிடம் என் அம்மா, "நெஞ்சுல லேசாத் தழும்பு இருக்கு மதினி, சின்னதுல கஞ்சி கொட்டிருச்சு" என்று மட்டும் சொன்னாள். கல்யாணம் முடிந்து அவர் முதன்முதலாகப் பார்த்தபோது என்ன சொல்வாரோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போர்வையை இழுத்து என்மேல் போர்த்திவிட்டு, "நாளைக்கு மருதைக்குப் போவோமா?" என்றார். அதன்பிறகு இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்ல மனுஷன்தான். பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அச்சு மெஷின் செய்கிற கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்து ஜெர்மனிக்கு வந்தோம். யாழினி இங்கேதான் பிறந்தாள். ஒற்றைப் பாலில் வளர்ந்த பிள்ளை. இப்போது பத்தொன்பது வயது, பல்கலைக்கழகம் போகிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். பொய் மட்டும் எந்த மொழியிலும் வராது. பஸ்ஸைத் தவறவிட்டால் 'பஸ் லேட்டு' என்று சொல்லத் தெரியாது, 'நான் லேட்டு' என்பாள். அதை ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

3

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சோதனைக்காகப் போயிருந்தபோது அந்த டாக்டரம்மா என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "இதைச் சரிசெய்யலாமே" என்றார். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்யலாமே என்கிற மாதிரிக் குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதேன். சரிசெய்யலாம் என்ற ஒரு வார்த்தையை முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்படி ஓர் ஆங்காரம்.

ஆபரேஷன் இரண்டு கட்டம். முதலில் தழும்புத் தோலுக்கு அடியில் காலிப் பை ஒன்றை வைத்து, வாரம் ஒரு தடவை ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றித் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குவார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு நிரந்தரமானதை வைப்பார்கள். தழும்புக்குப் பதில் தையல் என்கிற ஜெர்மன் சொல்லையே ஆறு மாதமாக டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த அம்மாள் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை, பாவம். யாழினிதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆபரேஷனைவிடக் காகிதம்தான் பெரிய பாடு. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, இது அழகுக்கா சிகிச்சைக்கா என்று. சிகிச்சைக்குத்தான் என்று எழுதிப் போட்டோம். அப்படியானால் காயம் எப்படி ஏற்பட்டது என்று ஒரு படிவம் வந்தது. எங்கள் வீட்டில் எல்லாக் காகிதத்துக்கும் யாழினிதான் எழுத்தர். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். எட்டு வயதில் அடுப்பிலிருந்து கஞ்சி கொட்டியது. எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்பியும் ஆயிற்று.

மூன்று வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. தோலுக்கு அடியில் கறுப்புத் துகள்கள் இருப்பதாக டாக்டரின் அறிக்கை சொல்கிறதாம். கொதிநீர்க் காயத்தில் துகள் இருக்காதாம். சரியான காரணத்தைத் தெரிவிக்கவும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

யாழினி காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, நீ என்னைப் பொய் எழுத வச்சியா?" என்றாள்.

என்னத்தைச் சொல்ல? அவளுக்கு எதிரே உட்கார்ந்து முதல் தடவையாக வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாதது.

4

வீட்டு வேலை என்றேன் அல்லவா, அது கருந்திரி. வெடி, பட்டாசு எல்லாவற்றுக்கும் உள்ளே போகிற திரி. நூலைக் கறுப்பு மருந்துக் குழம்பில் முக்கி, மரச் சட்டத்தில் சுற்றி, வெயிலில் காயவைத்து, வெட்டிக் கட்டுக் கட்ட வேண்டும். லைசென்ஸ் இருக்கிற கம்பெனி ஷெட்டில்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு செய்தார்கள். ஏஜெண்ட் ஒருத்தர் சைக்கிளில் மருந்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கட்டிய திரியை வாங்கிக்கொண்டு போவார்.

அன்றைக்குத் தூறல். காயாத திரிகளை அம்மா அவசர அவசரமாக அள்ளி வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டாள். மருந்து வாளியும் உள்ளே வந்துவிட்டது. நான் திரிகளுக்கு நடுவே உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வருகிற நேரம், உலை வைக்க வேண்டும். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். மருந்து இருக்கிற வீட்டில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் தவழுகிற பிள்ளைக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். பசி, மழை, ஆர்டர், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

வெடித்துச் சிதறவில்லை. திரி ஓரத்தில் சுர்ரென்று பிடித்து, கண்மூடித் திறப்பதற்குள் என் பாவாடைக்கும் சட்டைக்கும் வந்துவிட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வாசல் வழியாக அவள் முதுகு போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து என்னை அள்ளினாள்.

எத்தனை நொடி இருக்கும்? பத்து இருக்குமா? வாளி பற்றியிருந்தால் நான் இல்லை, அம்மா இல்லை, பக்கத்து நாலு வீடு இல்லை. எது நடந்தாலும் முதலில் மருந்தை அப்புறப்படுத்து என்பதுதான் அந்தத் தொழிலில் முதல் பாடம். அம்மா செய்தது சரி. புத்திக்கு அது நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் அந்த முதுகு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நான் பார்த்தேன் என்று அம்மாவிடம் சொன்னதும் இல்லை. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதும் எனக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை வருஷமாக அது அப்படியே கிடந்தது. அவள் கண் மூடுவதற்குள் ஒரு தடவையாவது பேசித் தீர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு லீவுக்கும் நினைத்துக்கொண்டுதான் ஊருக்குப் போவேன். முறுக்கும் மிளகாய்ப் பொடியும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

லோடு வண்டியில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா சித்தி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பாடம் நடத்தியது. "டாக்டரு கேட்டாக்க கஞ்சி கொட்டிருச்சுன்னு சொல்லணும், என்னத்தா? திரின்னு வாயத் தொறந்துறாத. போலீசு வந்து ஒங்கம்மாவப் பிடிச்சுக்கிட்டுப் போயிரும். எங்க, சொல்லு பாப்போம்." நான் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். டாக்டர் என் நெஞ்சைப் பார்த்தார், கறுப்புத் துகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கஞ்சி என்று எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு தெருவே அதைத்தான் சொன்னது. அப்பாகூட அதைத்தான் சொன்னார். ஒரு வருஷம் போனதும் கஞ்சிப் பானை உருண்டதை நேரில் பார்த்த சாட்சிகள்கூட இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள்.

5

எல்லாவற்றையும் யாழினி கேட்டாள், வாளி உட்பட. அழவில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

படிவத்தில் காரணத்துக்கு இரண்டு வரிதான் இடம். வீட்டில் வெடிமருந்துத் திரி தீப்பிடித்தது என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்னொரு கட்டம்: விபத்துக்குப் பொறுப்பானவரின் பெயரும் முகவரியும்.

"தெரியாதுன்னு போடு" என்றேன்.

"தெரியுமே அம்மா."

"தெரிஞ்சாலும் தெரியாதுன்னு போடுடி."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நானும் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அந்த நேரத்தில் பிள்ளை என் அம்மாவின் பெயர், கதவு எண், தெரு, தபால் நிலையம், பின்கோடு எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டாள். எங்கிருந்து பார்த்து எழுதினாள் தெரியுமா? தீபாவளிக்கு அம்மாவுக்கு ஸ்வெட்டர் அனுப்பிய பார்சல் ரசீதிலிருந்து. நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அனுமதி வந்தது. முதல் ஆபரேஷன் நடந்தது. தண்ணீர் ஏற்றினார்கள். இரண்டாவதும் நடந்தது. அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் எதற்கு என்று பேச்சு அங்கேதானே போய் முட்டும்?

6

போன வாரம் பாண்டியம்மா சித்தி போன் பண்ணியது. எடுத்த எடுப்பிலேயே சத்தம்.

"ஏத்தா மாரீஸ்வரி, என்ன காரியம்த்தா பண்ணிவச்சிருக்க? பெத்த தாயி மேலயா கேசு குடுப்ப?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தி மூச்சுவிடாமல் கொட்டியது. வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டின கடிதம் வந்ததாம், கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுத்தார்களாம். இங்கிலீஷில் இருந்ததைச் சித்தியின் மருமகள்தான் வாசித்துச் சொல்லியிருக்கிறது. 'உங்கள் மகளின் காயத்துக்கு நீங்கள் பொறுப்பு என்று எங்களுக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. நடந்ததை உங்கள் தரப்பில் எழுதி அனுப்பவும்.'

இந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் பணம் கொடுக்கிற பிரிவு வேறு, கொடுத்த பணத்தை யாரிடமாவது திருப்பி வாங்க முடியுமா என்று பார்க்கிற பிரிவு வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது பிரிவில் யாரோ ஒருவர் படிவத்தைப் பார்த்திருக்கிறார். பெயர் இருந்தது, முகவரி இருந்தது, கடிதம் போட்டுவிட்டார்.

"ஒங்கம்மா ஒன்னைய ஒரு வார்த்த வையல" என்றது சித்தி. "எழுதிப் போடச் சொல்லியிருக்காக, எனக்கு எழுதத் தெரியாது, நேர்ல போயிச் சொல்லிருதேன்னா. குளிச்சா. ரெண்டு சேலைய எடுத்துப் பையில வச்சா. யக்கா கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்குன்னு நான் கையப் பிடிச்சு இழுக்கேன், உதறிட்டுப் பஸ்ஸுல ஏறிட்டா. நானும் பின்னாலயே ஏறிப் போனேன்."

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ். சின்ன வயதுப் பெண்ணாம். அம்மா போய் அதன் முன்னால் நின்றுகொண்டு, வீட்டில் கருந்திரி செய்தது நான்தான், பிள்ளையை வேகவைத்தது நான்தான், பிடித்துக்கொண்டு போங்கள் என்றிருக்கிறாள். எந்த ஊர், எப்போது என்று விசாரித்துவிட்டு, "பாட்டிம்மா, அப்ப நான் பொறக்கவே இல்ல. வீட்டுக்குப் போங்க" என்று அந்தப் பெண் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறது. அம்மா டீயைக் குடிக்கவில்லை. எழுதிக்கொண்டால்தான் எழுந்திருப்பேன் என்று மத்தியானம் வரைக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். கடைசியில் அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அம்மா சொன்னதையெல்லாம் எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டும் வாங்கிக்கொண்டு, "எழுதியாச்சு, கூப்பிடுறப்ப வாங்க" என்று சொல்லி அனுப்பிவைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

போனை வைத்ததும் யாழினியைக் கூப்பிட்டேன். என்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அடிக்கக் கையை ஓங்கினேன். கை தோள் வரைக்கும் போனதும் தையல் சுரீர் என்று இழுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே அழுதாள்.

"அவங்க கேட்டாங்க, நான் உண்மை எழுதினேன். நீங்க எல்லாரும் சேர்ந்து பொய் சொல்லிட்டு என்னை மட்டும் திட்டுறீங்க. அந்த ஊர்ல எல்லாருமே பொய் சொல்றீங்க, அம்மா!"

அந்த ஊர். என் வயிற்றில் பிறந்தவள் என் ஊரை 'அந்த ஊர்' என்றாள். கோபத்தைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அன்றே அவள் அலுவலகத்துக்குப் போன் செய்து, சட்டச் சிக்கல் எதுவும் இல்லை, வழக்கமான கடிதம்தான், ஃபைலை மூடிவிட்டோம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டாள். ஊரில் அம்மாதான் போனை எடுக்கவே இல்லை. நாலு நாள் அடித்துப் பார்த்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை பகலில் பாண்டியம்மா சித்தியின் போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் அம்மா. போனை முகத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் பிடித்திருந்தாள், நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. எனக்குப் போனை உயரமாகப் பிடிக்க முடியாது என்று யாழினி பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். அவளும் நானும் அதுவரைக்கும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"எப்பிடித்தா இருக்க?"

"நல்லா இருக்கேம்மா. யம்மா, அந்த லெட்டரு போலீசு அனுப்புனது இல்லம்மா. இங்கன காப்பீட்டு ஆபீசுல இருந்து வந்தது. எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

"எவுக அனுப்புனா என்னத்தா. கேட்டாகள்ல."

நான் போனுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தேன்.

"முப்பத்தஞ்சு வருசம்" என்றாள். "ஒங்கப்பன் கேக்கல. டாக்டரு கேக்கல. தெருவுல ஒரு ஆளு கேக்கல. நீயும் கேக்கல. ஏன்டி இப்படிப் பண்ணேன்னு யாராச்சும் ஒரு வார்த்த கேட்டா அழுது தொலைச்சிருப்பேன். கஞ்சி, கஞ்சின்னு சொல்லிச் சொல்லியே எல்லாரும் என் வாய அடைச்சுட்டாக."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"காமி, பாப்போம்" என்றாள் பிறகு.

யாழினி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளே ஒரு கையால் சட்டைப் பொத்தானைக் கழற்றி, உள்ளாடையின் கொக்கியை விடுவித்து, போனைக் கீழே இறக்கிப் பிடித்தாள். வீக்கம் இன்னும் வடியவில்லை. தழும்பும் முழுக்கப் போகவில்லை, போகாது. ஆனால் இருக்க வேண்டியது இருக்கிற இடத்தில் இருக்கிறது. அம்மா நெடுநேரம் பார்த்தாள். எதிரே இருந்தால் தொட்டுப் பார்த்திருப்பாள் என்று தோன்றியது.

"நல்லாத்தான் வச்சிருக்காக" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வாளியத்தான் மொதல்ல தூக்குனேன் தாயி. ஒன்னையத் தூக்கல. ஸ்டேசன்ல அதையும் எழுதச் சொன்னேன்" என்றாள்.

"வாளி பத்தியிருந்தா நானே இருந்திருக்க மாட்டேம்மா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் அதக் கேக்கல. நீ பாத்தியா?"

ஊருக்குப் போன ஒவ்வொரு தடவையும் நான் பேச நினைத்தது இதைத்தான். இதோ அவளே கேட்டுவிட்டாள். பார்த்தேன் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. சொல்லியிருந்தால் என் நெஞ்சிலிருந்து அது இறங்கியிருக்கும். இறங்கி எங்கே போய் உட்காரும்? எழுபது வயதுக்காரியின் தலையில்தானே?

"இல்லம்மா. ஒரே பொகை. ஒண்ணும் தெரியல" என்றேன்.

அம்மா நம்பவில்லை. என் பொய் எது, நிஜம் எது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? கண்ணை மெல்ல நகர்த்தி, "யாழினி, கண்ணு" என்று கூப்பிட்டாள். "ஒனக்குப் பொய் சொல்ல வராதுன்னு ஒங்கம்மா சொல்லுவா. நீ சொல்லு தாயி. அன்னிக்கு நடந்ததைப் பத்தி ஒங்கிட்ட என்ன சொன்னா? ஒங்கம்மா பாத்தாளாமா?"

போன் லேசாக ஆடியது. நான் யாழினியின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் கெஞ்சிவிடுவேன் என்று பயம்.

"இல்ல அம்மாச்சி" என்றாள் யாழினி. ஒவ்வொரு சொல்லாகத்தான் சொன்னாள், எப்போதும் தமிழ் பேசுகிற மாதிரியே. "அம்மா கண்ணை மூடி இருந்தாங்க. நீங்க தூக்கின பிறகுதான் கண்ணைத் திறந்தாங்க. அப்ப உங்க முகம்தான் தெரிஞ்சதாம். அப்படித்தான் என்கிட்ட சொன்னாங்க."

"அப்ப சரி" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். போன் அவள் கையிலிருந்து நழுவி, கூரைத் தகரம் தெரிந்தது. அம்மா அழுகிற சத்தம் கேட்டது. அப்பா செத்தபோதுகூட அவள் அப்படிக் குரலெடுத்து அழுது நான் கேட்டதில்லை. பாண்டியம்மா சித்தி வந்து போனை எடுத்து, "அழட்டும்த்தா, விடு, அழட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டது.

யாழினி என் உள்ளாடைக் கொக்கியை மாட்டினாள். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தவளின் முகம் சிவந்து கிடந்தது. என் காலடியில் தரையில் உட்கார்ந்து முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மா, அம்மாச்சி நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாடி" என்றேன். எனக்கு அது தெரியாது.